கணவனை இழந்தவளின் காதல் கதை: எழுதுபவர்களும் படிப்பவர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

துணையை இழந்த ஒரு பெண், அவளுடைய துக்கம், அதற்குப் பிறகு அவள் வாழ்க்கையில் வரும் இன்னொருவன். தமிழில் பெண்கள் எழுதும் குடும்ப நாவல்களில் இந்தக் கரு மாத நாவல் காலத்திலிருந்து விடாமல் வருகிறது. இன்று செல்போனில் அத்தியாயம் அத்தியாயமாக வரும் தொடர்கதைகளிலும் இதற்கென்றே பெரிய வாசகர் கூட்டம் இருக்கிறது. இந்த வகைக் கதைகளை நெடுநாளாகப் படித்தும், கொஞ்ச காலமாக எழுதியும் வருகிறேன். அதனால் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

இது மேல்நாட்டு நாவல்களைப் பார்த்து நாம் எடுத்துக்கொண்ட கருவா?

இல்லை. துக்கத்தை எழுதுவதில் நமக்கு இரண்டாயிரம் வருஷப் பழக்கம் உண்டு. புறநானூற்றின் 248-ஆம் பாட்டு ஒக்கூர் மாசாத்தனார் பாடியது. கணவனை இழந்த ஒருத்தி குளத்து வெள்ளாம்பலைப் பற்றிச் சொல்கிறாள்: சின்ன வயதில் இந்த ஆம்பல் எனக்குத் தழையாடையாக உதவியது, இப்போது அவன் இறந்துபோனான், வேளை தவறிச் சாப்பிடும் எனக்கு இதே ஆம்பலின் அரிசி உணவாகிறது. பாட்டு அவ்வளவுதான். அழுதேன், துடித்தேன் என்று ஒரு சொல் கிடையாது. அதே குளம், அதே பூ, ஆனால் அவள் நிலைமை தலைகீழாகிவிட்டது. துக்கத்தை எழுத ஆசைப்படும் எவரும் அந்தப் பாட்டை ஒருமுறை படித்துவிட்டு உட்கார வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஆனால் துக்கத்தை எழுதிய அளவுக்கு, அதிலிருந்து எழுந்து வருவதை நாம் எழுதவில்லை. புறநானூற்றிலேயே 246-ஆம் பாட்டில் பூதப்பாண்டியன் தேவி, கைம்பெண்ணுக்கு விதிக்கப்பட்ட வேளைக் கீரையையும் எள் துவையலையும் பாயில்லாத படுக்கையையும் வரிசையாகச் சொல்லி, இதற்குத் தீயே மேல் என்கிறாள். மூன்றாவது வழி ஒன்று அவள் கண்ணுக்குப் படவே இல்லை. இந்து விதவைகள் மறுமணச் சட்டம் 1856-ல் வந்தது. அதற்கும் அரை நூற்றாண்டு கழித்துத்தான், 1903-ல், அ. மாதவையாவின் ‘முத்துமீனாட்சி’ புத்தகமாக வந்தது. பால்ய விதவை ஒருத்தி தன் கதையைத் தானே சொல்வதுபோல எழுதப்பட்ட நாவல் அது. ஆக, அவள் வாயால் அவள் கதையைக் கேட்கும் பழக்கமே நமக்கு நூறு வருஷத்துக்குக் கொஞ்சம் மேல்தான்.

ஏன் பெரும்பாலான கதைகளில் முதல் கணவன் கெட்டவனாகவே இருக்கிறான்?

வாசகர் மன்னிக்க வேண்டுமே என்ற பயம்தான் காரணம். நாயகி இரண்டாவதாக ஒருவனை நேசிக்கப் போகிறாள். அதற்கு ஒரு நியாயம் வேண்டும். உடனே முதல் கணவன் குடிகாரனாகிறான், அடிக்கிறான், சந்தேகப்படுகிறான். அவன் விபத்தில் போய்ச் சேர்ந்ததும் ‘பாவம், இந்தப் பெண்ணுக்கு இனியாவது நல்லது நடக்கட்டும்’ என்று வாசகர் மனம் இளகிவிடுகிறது. இன்னொரு வழியும் உண்டு. தாலி கட்டிய அன்றைக்கே அவன் இறந்துவிடுவான். கல்யாணம் பேருக்கு நடந்ததாகி, நாயகி இரண்டாவது ஆளுக்கு ‘யாரும் தொடாதவளாக’ மிச்சமாவாள். இந்த இரண்டாவது வகையைப் படிக்கும்போது எனக்குக் கோபமே வருகிறது. முதல் வாழ்க்கை ஒன்றுமில்லாமல் போனால்தான் இரண்டாவது வாழ்க்கைக்கு அனுமதி என்றால், 1903-லிருந்து நாம் எவ்வளவு தூரம்தான் வந்திருக்கிறோம்?

கொடுமைக்காரக் கணவனிடமிருந்து தப்பியவளின் கதையும் வேண்டியதுதான். ஆனால் அது வேறு கதை, அதில் வருவது விடுதலை. நல்லவனோடு நன்றாக வாழ்ந்து, அவனைப் பறிகொடுத்த பெண்கள் எத்தனையோ பேர். ‘அவரு தங்கமானவரு. போயிட்டாரு. எனக்கு இன்னும் வயசு இருக்கு. இப்ப நான் என்ன செய்யறது?’ என்று அவர்கள் கேட்டால், நம் நாவல்களில் பாதிக்கு மேல் பதில் இல்லை. அவனை நல்லவனாகவே விட்டுவிட்டு, அவள் இன்னொருவனையும் நேசிக்கலாம் என்று எழுதுவதுதான் கஷ்டம். ஆனால் எழுத வேண்டியது அதைத்தான்.

முதல் கணவன் அவ்வளவு நல்லவன் என்றால், இரண்டாவது நாயகன் மங்கிப்போக மாட்டானா?

இரண்டு பேரையும் தராசில் நிறுத்தினால் மங்கத்தான் செய்வான். இறந்தவனோடு போட்டி போட்டு யாராலும் ஜெயிக்க முடியாது, அவன் இனிமேல் ஒரு தப்பும் செய்யப் போவதில்லையே. அதனால் போட்டியே வைக்காதீர்கள். முதலாமவனை ஞாபகப்படுத்தும் ஆளாக இரண்டாமவனைப் படைக்க வேண்டாம். அதே சிரிப்பு, அதே நட்சத்திரம் என்ற பொருத்தங்கள் எல்லாம் வேண்டவே வேண்டாம். அவனிடம் இருக்க வேண்டியது ஒன்றே ஒன்று. அவள் முதலாமவன் பெயரைச் சொல்லும்போது முகம் சுளிக்காமல், பேச்சை மாற்றாமல் உட்கார்ந்து கேட்க அவனுக்குத் தெரிய வேண்டும்.

அழுகை, புலம்பல் இல்லாமல் துக்கத்தை எப்படிக் காட்டுவது?

வீட்டு வேலைகளில் காட்டலாம். சாவுக்குப் பிறகு ஒரு வீட்டில் மிச்சமிருக்கும் வேலைகள் ஏராளம். கற்பனையாக ஒரு காட்சி சொல்கிறேன்.

கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவர் வாசலில் நின்று, “அக்கா, நம்பர் சொல்லுங்க” என்கிறார். அந்த நம்பர் வருவது இறந்துபோன கணவனின் செல்போனுக்கு. இணைப்பு அவன் பெயரில்தான் இருக்கிறது. பேங்க் ஓடிபி வருவதும் அதில்தான். அதனால் அவள் மாதாமாதம் அந்த நம்பருக்கு ரீசார்ஜ் செய்கிறாள். அலமாரியில் அவனுடைய மடித்த சட்டைகளின் மேல் அந்தப் போன் கிடக்கிறது. எடுத்துத் திறந்தால், அவனுடைய ஸ்கூல் நண்பர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் காலை வணக்கம் படங்கள் வந்து குவிந்திருக்கின்றன. யாரோ ஒருவர் இன்னும் விஷயம் தெரியாமல் “மச்சான், எங்கடா ஆளையே காணோம்?” என்று கேட்டிருக்கிறார். அவள் நான்கு எண்களைப் படித்துச் சொல்லிவிட்டுப் போனைத் திரும்ப வைக்கிறாள். அடுப்பில் பால் பொங்கிவிட்டிருக்கிறது.

இந்தக் காட்சியில் ‘அவள் நெஞ்சம் விம்மியது’ என்று ஒரு வரி சேர்த்தால் எல்லாம் கெட்டுவிடும்.

இதே போனை வைத்து இரண்டாவது நாயகனையும் காட்டலாம். “இன்னும் எதுக்கு இந்த நம்பர்? மாத்திடலாமே” என்று சொல்கிறவனாக அவன் இருக்கக் கூடாது. சார்ஜ் ஏற மாட்டேன் என்கிறது என்று அவள் சொன்னால், வாங்கிப் பார்த்து, கடையில் கொடுத்துச் சரிசெய்துகொண்டு வருகிறவன். அப்புறம் எப்போதோ ஒரு நாள் அவளே இறப்புச் சான்றிதழ் நகலை எடுத்துக்கொண்டு ஏஜென்சிக்குப் போய் இணைப்பைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டு வருவாள். யாரும் சொல்லிப் போகவில்லை என்பதுதான் அங்கே முக்கியம். ‘மீண்டு வந்தாள்’ என்று நீங்கள் எழுதவே வேண்டியதில்லை.

துக்கத்துக்கு ஐந்து கட்டங்கள் உண்டாமே, கதையை அந்த வரிசையில் அமைக்கலாமா?

வேண்டாம். மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு என்று எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969-ல் எழுதியது, சாகப் போகிறோம் என்று தெரிந்த நோயாளிகளைப் பற்றி. பிற்பாடுதான் அது இருப்பவர்களின் துக்கத்துக்கும் பொருத்தப்பட்டு ஊரெல்லாம் பரவியது. ஏணிப்படி போல ஒன்றுமேல் ஒன்றாக ஏறி வெளியே வந்துவிடலாம் என்ற எண்ணம் கதையைச் செயற்கையாக்குகிறது.

எழுதுகிறவர்களுக்கு இதைவிட உதவுவது, நெதர்லாந்து ஆய்வாளர்கள் மார்கரெட் ஸ்ட்ரோபும் ஹென்க் ஸ்குட்டும் 1999-ல் சொன்னது. துக்கப்படுகிறவர் இரண்டு பக்கமும் மாறி மாறிப் போய் வருகிறார் என்கிறார்கள் அவர்கள். கொஞ்ச நேரம் இழப்பின் பக்கம், கொஞ்ச நேரம் வாழ்க்கையின் பக்கம். காலையில் மகளுக்கு ஃபீஸ் கட்டி, ஆபீஸில் சிரித்துப் பேசி, மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறக்கும்போது உடைந்துபோய், சாயங்காலம் காய்கறிக்காரரிடம் பேரம் பேசுவது. இந்தப் போக்குவரத்தில் எந்த முரணும் இல்லை, துக்கம் நடந்துகொள்ளும் விதமே இதுதான். அதனால் புது ஆளோடு ஒரு காபி குடித்துவிட்டு வந்த ராத்திரியிலேயே அவள் பழைய போட்டோவை எடுத்துப் பார்க்கலாம். அவள் மனசு மாறிவிட்டதோ என்று வாசகர் பயப்பட வேண்டியதில்லை.

எத்தனை மாதம் கழித்து இன்னொரு காதல் வரலாம்?

கணக்கு எதுவும் கிடையாது. ஆனால் குடும்பத்துக்கு ஒரு கணக்கு இருக்கும், அதை எழுதுங்கள். முதல் வருஷம் தீபாவளி, பொங்கல் கொண்டாட மாட்டார்கள். வருஷ திவசம் வரைக்கும் வீட்டில் நல்லது பேசத் தயங்குவார்கள். அதே வீட்டில் மனைவியை இழந்த சித்தப்பாவுக்கு மூன்றாம் மாதமே “பிள்ளைங்கள பாத்துக்க ஒருத்தி வேணுமில்ல” என்று பேச்சு ஆரம்பித்திருக்கும். இந்த அநியாயம் எல்லோர் வீட்டிலும் நடக்கிறது, யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. உங்கள் நாயகி ஒரே ஒரு முறை அதைக் கேட்டுவிட்டால் போதும், கதை உயிர்பெற்றுவிடும்.

சடங்குகளை எழுத வேண்டுமா? இந்தக் காலத்தில் யார் அதெல்லாம் பார்க்கிறார்கள்?

பார்க்கிறார்கள். ஊருக்கு ஊர், சாதிக்குச் சாதி முறை மாறும். எந்த ஊர், என்ன முறை என்று விசாரித்து எழுதுங்கள். சினிமாவில் வருவதுபோல எல்லோருக்கும் வெள்ளைச் சேலை கட்டிவிடாதீர்கள். பெரும்பாலான இடங்களில் அது போய்விட்டது.

இன்றைக்கு வலி இருப்பது வேறு இடத்தில். கல்யாண வீட்டில் ஆரத்தி எடுக்க ஆட்களைக் கூப்பிடும்போது பார்வை அவளைத் தாண்டிப் போகும். நவராத்திரிக்கு வீடு வீடாக வந்து கூப்பிட்டவர்கள் இந்த வருஷம் “குழந்தைய அனுப்பி வை” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவார்கள். பொட்டு வைத்தால் ஒரு பார்வை, வைக்காவிட்டால் “ஏம்மா இப்படி இருக்கே” என்று ஒரு பரிதாபம். யாரும் கெட்டவர்கள் இல்லை, எல்லோரும் அன்பாகத்தான் பேசுகிறார்கள். அந்த அன்பை அப்படியே எழுதினாலே குத்தும்.

மாமியாரே முன்னின்று மருமகளுக்குக் கல்யாணம் செய்துவைப்பதாக எழுதலாமா?

எழுதலாம், அப்படி நிஜத்திலும் நடக்கிறது. ஆனால் அந்த மாமியார் மகனை இழந்தவள் என்பதைத் தயவுசெய்து மறக்காதீர்கள். பல கதைகளில் அவர் மூன்றாவது அத்தியாயத்தில் அழுகிறார், இருபதாவது அத்தியாயத்தில் தாம்பாளத்தோடு வந்து நிற்கிறார். நடுவில் அவருக்கு என்ன நடந்தது? மருமகள் போய்விட்டால் தன் மகனைப் பற்றிப் பேசக்கூட அந்த வீட்டில் ஆள் இருக்காது. “நீ நல்லா இரு கண்ணு” என்று சொல்கிற அதே வாய், “அப்ப அவன் திவசத்துக்கு நீ வரமாட்டியா?” என்றும் கேட்கும். இரண்டுமே உண்மை. அந்தக் கேள்விக்கு மருமகள் சொல்லும் பதிலுக்கு ஓர் அத்தியாயம் முழுவதும் கொடுக்கலாம்.

இறந்தவர் எழுதிவைத்துவிட்டுப் போன கடிதம் என்ற உத்தி எப்படி?

அயர்லாந்து எழுத்தாளர் சிசிலியா அஹெர்ன் 2004-ல் எழுதிய முதல் நாவலில், மூளைக் கட்டியால் இறந்துபோன கணவன் மனைவிக்காக மாதத்துக்கு ஒன்றாகக் கடிதங்கள் விட்டுச் சென்றிருப்பான். அது உலகம் முழுக்கப் படிக்கப்பட்டு, 2007-ல் சினிமாவாகவும் வந்தது. அதற்குப் பிறகு இந்த உத்தி எல்லா மொழிகளிலும் புழங்குகிறது. சுகமான உத்திதான், எனக்கும் பிடிக்கும். ஆனால் நம் ஊர்க் கதையில் அது வரும்போது, ‘நீ இன்னொரு கல்யாணம் செய்துகொள்’ என்று கணவனே எழுதிக் கொடுத்த அனுமதிச் சீட்டாகிவிடுகிறது. மாமியாரிடம் வாங்கியாயிற்று, குழந்தையிடம் வாங்கியாயிற்று, கடைசியில் இறந்தவனிடமும் வாங்கியாயிற்று. யாரிடமும் வாங்காமல் அவளே ஒரு முடிவு எடுக்கும் கதையை எப்போது படிக்கப் போகிறோம்?

கல்யாணம் ஆகாமலேயே காதலனை இழந்தவளின் கதை இதில் சேருமா?

தாராளமாகச் சேரும். அவள் துக்கத்துக்கு ஊரில் பெயரே கிடையாது. சாவு வீட்டில் அவளுக்கு இடமில்லை, தலை முழுகவும் முடியாது. வீட்டில் அதற்குள் மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருப்பார்கள். மணிரத்னத்தின் ‘மௌன ராகம்’ 1986-ல் வந்தது. அட்லியின் ‘ராஜா ராணி’ 2013-ல் வந்தது. இரண்டும் இந்த இடத்திலிருந்துதான் கிளம்புகின்றன, அவற்றை இன்னும் ஜனங்கள் விரும்பிப் பார்ப்பதற்கும் இது ஒரு காரணம். கணவன் மட்டும் நல்லவனாக இருந்துவிட்டால் பழைய காதல் கரைந்துவிடும் என்று மட்டும் முடிக்காதீர்கள்.

சட்டம், பென்ஷன் விஷயங்களில் எதைக் கவனிக்க வேண்டும்?

நிறைய கதைகள் சறுக்குவது இங்கேதான். மறுமணம் செய்துகொண்டால் முதல் கணவனின் சொத்து போய்விடும் என்று வில்லன் கொழுந்தன் மிரட்டுவான், நாயகியும் நடுங்குவாள். 1856 சட்டத்தின் இரண்டாம் பிரிவில் அப்படித்தான் இருந்தது. இன்றைக்கு அது இல்லை. 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி கணவனிடமிருந்து அவளுக்கு வந்த பங்கு முழுக்க அவளுடையது, பின்னால் கல்யாணம் செய்துகொண்டாலும் போகாது. பழைய மறுமணச் சட்டம் 1983-ல் ரத்தாகிவிட்டது.

ஆனால் பென்ஷன் வேறு கணக்கு. தனியார் கம்பெனி ஊழியர்களுக்கான 1995-ஆம் வருஷத்து பி.எஃப். பென்ஷன் திட்டத்தில், விதவைக்கு வரும் பென்ஷன் அவள் மறுமணம் செய்துகொண்டால் நின்றுவிடும். இது உங்கள் கதைக்கு ஒரு பெரிய வரம். அவள் தயங்குவது மனசு இடம் கொடுக்காததால் மட்டும்தானா, மாதம் வரும் அந்தச் சின்னத் தொகை அவளுக்கென்று இருக்கும் ஒரே வருமானம் என்பதாலுமா? காதலைப் பற்றி எழுதும்போது காசைப் பற்றி எழுதக் கூச்சப்படாதீர்கள். இன்னொரு பக்கம், மறுமணத்துக்கு உதவ டாக்டர் தர்மாம்பாள் அம்மையார் பெயரில் தமிழக அரசின் திட்டமும் இருக்கிறது. ஒரு பக்கம் மறுமணத்துக்கு உதவி, இன்னொரு பக்கம் பென்ஷன் நிறுத்தம்.

கதை கல்யாணத்தில்தான் முடிய வேண்டுமா?

வேண்டியதில்லை. சகோதரி சுப்பலட்சுமி 1886-ல் பிறந்தவர், பால்ய விதவை. 1911-ல் பட்டம் பெற்றார், மறு வருஷமே சென்னையில் இளம் விதவைகள் தங்கிப் படிக்க ஓர் இல்லம் தொடங்கினார். கடைசி வரை மறுமணம் செய்துகொள்ளவில்லை. அவர் வாழ்க்கையை முடங்கிப்போன வாழ்க்கை என்று யார் சொல்ல முடியும்? நான் கேட்பது ஒன்றுதான்: தனியாக இருக்கிறாள் என்றால் அது அவள் எடுத்த முடிவாக இருக்கட்டும். தியாகம் என்று பெயர் சூட்டி நீங்கள் தள்ளிவிட்ட இடமாக இருக்க வேண்டாம்.

தொடராக எழுதும்போது ‘சீக்கிரம் ரெண்டு பேரையும் சேர்த்து வையுங்க’ என்று கேட்கிறார்கள். என்ன செய்வது?

கேட்கத்தான் செய்வார்கள், அது அவர்கள் அந்தப் பெண்மேல் வைத்த பாசம். எபிசோடுக்கு எபிசோடு அதற்குத் தலையாட்டினால் பத்தாவது எபிசோடிலேயே கதை முடிந்துவிடும். முதலிலேயே முடிவை எழுதி வைத்துக்கொண்டு தொடரை ஆரம்பியுங்கள்.

நானே இழப்பில் இருக்கிறேன். இந்த மாதிரிக் கதைகளை இப்போது படிக்கலாமா?

படிக்கத் தோன்றினால் படியுங்கள், மூடி வைக்கத் தோன்றினால் மூடி வையுங்கள். சிலருக்கு முதல் வருஷம் ஒரு பக்கம்கூட ஓடாது. சிலருக்கு அந்த நேரத்தில் படித்ததுதான் கைகொடுக்கும். அமெரிக்க எழுத்தாளர் ஜோன் டிடியன், கணவர் இறந்த வருஷத்தைப் பற்றி எழுதிய புத்தகம் 2005-ல் வந்தது. கணவரின் உடைகளையெல்லாம் எடுத்து வைத்தவர், செருப்புகளை மட்டும் கொடுக்க முடியாமல் நிற்பார். அவர் திரும்பி வந்தால் போட்டுக்கொள்ள வேண்டுமே என்று. அதைப் படித்தபோது, ‘எனக்கு மட்டும்தான் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்தேன்’ என்று என்னிடம் சொன்ன பெண்கள் உண்டு.

மாதங்கள் போயும் சாப்பாடு, தூக்கம், வேலை எதுவும் பழைய நிலைக்கு வரவில்லை என்றாலோ, உயிரோடு இருக்கவே பிடிக்கவில்லை என்றாலோ, கதைப் புத்தகத்தை நம்பியிருக்க வேண்டாம். டெலி மானஸ் உதவி எண் 14416. தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

குழந்தையின் இன்ஷியல் என்ன ஆகும்?

இந்தக் கேள்வியை எழுத்தாளர்கள் கேட்டு நான் பார்த்ததில்லை, மறுமணம் செய்துகொண்ட தாய்மார்கள்தான் கேட்கிறார்கள். நம் ஊரில் இன்ஷியல் என்பது அப்பா. பள்ளிக்கூட ரிஜிஸ்டரில் அந்த ஒற்றை எழுத்து மாறும்போது குழந்தைக்கு என்ன தோன்றும், பாட்டி தாத்தாவுக்கு எப்படி இருக்கும் என்பதெல்லாம் ஒரு நாவலுக்குரிய விஷயம். ஆந்திரத்தில் கணவனை இழந்து மறுமணம் செய்துகொண்ட ஒரு தாய்க்கும் முதல் கணவனின் பெற்றோருக்கும் நடந்த இப்படியொரு வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. குழந்தையின் குடும்பப் பெயரை முடிவு செய்யும் உரிமை தாய்க்கு உண்டு என்று 2022 ஜூலையில் தீர்ப்பு வந்தது. ஆவணங்களில் புதுக் கணவனை ‘மாற்றாந்தந்தை’ என்று குறிக்கச் சொன்ன உயர் நீதிமன்ற உத்தரவு, குழந்தையின் மனதைப் பற்றி யோசிக்காத கொடுமை என்று உச்ச நீதிமன்றம் கண்டித்தது.

உங்கள் கதையில் குழந்தைக்கு எட்டு, ஒன்பது வயது இருந்தால், பெரியவர்கள் தங்களுக்குள் முடிவு செய்வதற்கு முன்னால் அதனிடம் ஒரு வார்த்தை கேட்கும் காட்சியை எழுதுங்கள். அந்த வயதில் அதற்குச் சொந்தமாக ஒரு பதில் இருக்கும், அது பெரும்பாலும் பெரியவர்கள் எதிர்பார்த்த பதிலாக இருக்காது.